காபிதான் ஒரு குறை

சென்ற ஆண்டு குற்றாலச் சாரலுக்கு வந்துவிட்டுக் கோயம்புத்தூருக்குக் கிளம்பும்போது என் மனைவி சொன்னாள்: "இங்கன வந்தா காபிதான் ஒரு குறை." செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னது. பேருந்து ஏறுவதற்குள் அவளே மறந்திருப்பாள். நான் கீழப்பாவூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் நடத்துகிறவன். ஒரு வாக்கியத்தை அப்படியே விட்டுவிடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. 'காபியும் ஒரு குறை' என்று அவள் சொல்லவில்லை. உம் போட்டிருந்தால் வேறு குறைகளும் உண்டு என்று பொருளாகும். 'தான்' போட்டுச் சொன்னாள். ஆக மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது, நான் உட்பட. காபியை மட்டும் சரிசெய்துவிட்டால் அவள் திரும்பி வருவதற்குத் தடை ஒன்றும் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூட இலக்கணத்தை இப்படி நம்ப மாட்டான். நான் நம்பினேன்.

அவளுக்கு வங்கியில் வேலை. மகள் கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்தபோது, பிள்ளையை விடுதியில் விட வேண்டாம் என்று அவளும் மாறுதல் வாங்கிக்கொண்டு அங்கே போனாள். இருவரும் சேர்ந்து பேசி எடுத்த முடிவுதான். படிப்பு முடிந்தது, மகளுக்குப் புனேயில் வேலை கிடைத்தது, அவள் போய்விட்டாள். மனைவி வரவில்லை. எங்களுக்குள் சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை என்றால் சமாதானம் பேச நாலு பேராவது வீட்டுக்கு வருவார்கள். ஒரு வருடம், பதவி உயர்வு வரட்டும் என்றாள். மறு வருடம், இப்போது கேட்டால் வேறு எங்காவது தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்றாள். இந்த வருடம் தென்காசிக் கிளையிலேயே ஓர் இடம் காலியாகிறது, கேட்டால் கிடைக்கும் என்று அவளேதான் தொலைபேசியில் சொன்னாள்.

"அப்பம் கேளேன்" என்றேன்.

"பாப்போம். சாரலுக்கு வாரேன்ல, அங்கன வந்து பேசிக்கிடுவோம்."

அவள் வரும்போது வீட்டில் நல்ல காபி இருக்க வேண்டும். எனக்கு வேறு திட்டம் எதுவும் தோன்றவில்லை.

அவள் அலுவலகத்துக்கு எதிரே ஒரு கடை இருக்கிறதாம். அங்கே மெஷினில் பொடியை வைத்து அழுத்தி, சின்னக் கோப்பையில் கெட்டியாக இறக்கி, ஆவியால் பாலை நுரைக்கவைத்து மேலே ஊற்றுவார்களாம். முதலில் கசந்ததாம். பிறகு அது இல்லாமல் முடியவில்லையாம். எங்கள் வீட்டு ஃபில்டர் காபி இப்போது அவளுக்குக் கழனித்தண்ணி மாதிரி இருக்கிறது. கழனித்தண்ணி என்று அவள் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா?

எங்கள் வீடு மேலகரத்தில் இருக்கிறது. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வண்டியெல்லாம் சாரல் மாதங்களில் தெருமுனையைத் தாண்டித்தான் போகும். வேனுக்குள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்துகொண்டு, ஈரத் துண்டை ஜன்னலுக்கு வெளியே காயவிட்டுக்கொண்டு போவார்கள். அந்த மாதங்களில்தான் எனக்குத் தனிமை அதிகம் உறைக்கும். வெயில் காலத்தில் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடப்பார்கள், நானும் கிடப்பேன், வித்தியாசம் தெரியாது. தோசை மாவு அரைத்தால் தீர்வதற்குள் புளித்துப்போகும். அடுத்த அறையில் டிவியைப் போட்டுவிட்டு இந்த அறையில் உட்கார்ந்திருப்பேன், வீட்டில் யாரோ பேசுகிறார்கள் என்றிருக்கட்டும் என்று. அவள் தினமும் அழைப்பாள். சாப்பிட்டாச்சா, சாப்பிட்டாச்சு, மழையா, தூறுது, சரி வைக்கட்டா. பேச ஒன்றும் இல்லாமல் இல்லை. எனக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. அவளும் கேட்க மாட்டாள்.

மெஷின் தேடத் தொடங்கியபிறகு பொழுது போனது. யூடியூபில் தமிழில், ஆங்கிலத்தில், மலையாளத்தில் என்று எல்லா மொழியிலும் தாடி வைத்த ஒருவர் கோப்பையைக் கையில் ஏந்திக் கண்ணை மூடிக்கொள்கிறார். எனக்கு அவர்கள்மேல் வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் பார்த்தேன். காப்ஸ்யூலைப் போட்டுப் பொத்தானை அமுக்கினால் காபி வந்துவிடும் வகை ஒன்று உண்டு. காப்ஸ்யூல் தீர்ந்தால் தென்காசியில் கிடைக்காது, வெளியூரிலிருந்து வரவேண்டும், வந்து சேர்வதற்குள் அவள் ஊருக்குப் போய்விடுவாள். கொட்டையைக் கொட்டினால் அரைப்பது முதல் எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளும் வகையும் இருக்கிறது. அதன் விலைக்கு என் பைக்கை மாற்றிவிடலாம். தவிர, அதில் மனிதனுக்கு வேலையே கிடையாது. எனக்கு வேலை வேண்டியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்க, அவளுக்காக நான் எதையாவது செய்ய வேண்டும்.

கடைசியில், பழகுகிறவர்களுக்கு என்று விற்கிற சின்ன மெஷினுக்கு வந்து சேர்ந்தேன். கைப்பிடியில் ஒரு சல்லடைக் கிண்ணம், அதில் பொடியை நிரப்பி அழுத்தி மாட்ட வேண்டும். பக்கத்தில் பால் நுரைக்க ஓர் ஆவிக்குழாய். அதிலேயே நூறு தினுசு. பெட்டியில் பதினைந்து பார், இருபது பார் என்று அழுத்தத்தைப் போட்டிருப்பதற்கு மயங்காதே, ஒன்பது போதும் என்றார் ஒரு தாடிக்காரர். சல்லடையின் அடித்தகடு ஒற்றையாக இருந்தால் கொட்டையை வீட்டிலேயே அரைக்கத் தனி மெஷின் வாங்க வேண்டும், இரட்டையாக இருந்தால் கடைப்பொடியே போதும் என்றார் இன்னொருவர். யாரும் சொல்லாத சிக்கலை நானே கண்டுபிடித்தேன். வீட்டில் என்றால் அவளுக்குக் காபி எவர்சில்வர் டம்ளரில்தான் இறங்கும், பீங்கான் பிடிக்காது. இந்த மெஷின்களில் பாதிக்கு டம்ளர் அடியில் நுழையாது. பள்ளிக்கூடத்து ஸ்கேலை எடுத்துவந்து அவள் டம்ளரை அளந்தேன்.

அளவைச் சரிபார்க்க, மனசுக்குப் பிடித்த மெஷின் ஒன்றின் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன். ஒரு பெண் எடுத்தாள். பொறுமையாகப் பேசினாள். டம்ளர் உயரம் சொன்னேன், பார்த்துவிட்டு நுழையும் என்றாள். "வேறு ஏதாவது உதவி வேணுமா சார்?" என்றாள். எங்கள் ஊரில் காற்றடித்தால் கரண்டு போகும், இன்வெர்ட்டரில் ஓடுமா என்றேன். ஓடாது சார் என்றாள். வேறு ஏதாவது என்றாள். தண்ணீர் உப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். எங்கள் தண்ணீரில் உப்பே கிடையாது. அவள் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தாள். வேறு ஏதாவது என்று ஒருத்தி திரும்பத் திரும்பக் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது. வெட்கமாகவும் இருந்தது. அந்த மாதிரி மெஷின் தென்காசியிலேயே ஒரு கடையில் இருக்கிறது, நேரில் பார்த்து வாங்கலாம் என்று அவள்தான் சொன்னாள்.

கடை, மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில். மிக்சிகளுக்குப் பின்னால் தூசியோடு ஒன்றே ஒன்று இருந்தது. கடைக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து துடைத்தார். டம்ளரைப் பையிலிருந்து எடுத்து அடியில் வைத்துப் பார்த்தேன். நுழைந்தது. அவர் என்னையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீட்டுல கேட்டியளா சார்வாள்?"

"எதுக்கு?"

"சமையக்கட்டுச் சாமான்லா. நம்ம பாட்டுக்கு வாங்கிட்டுப் போயிருவோம், வீட்டுல சத்தம் போடுவாவ. மறுநா மாத்தித் தான்னு வந்து நிப்பிய. ஒரு எட்டு வீட்டுல கேட்டுட்டு வந்துருங்க, நா எடுத்து வைக்கேன்."

மனைவியைப் பெயர் சொல்லாமல் 'வீட்டுல' என்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். வகுப்பில் இடவாகுபெயருக்கு நானே இதை உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். இடத்தின் பெயர், அங்கே இருப்பவருக்கு ஆகி வருவது. அங்கே இருப்பவர் இல்லையென்றால் அந்தப் பெயர் என்ன ஆகும் என்று எந்தப் பிள்ளையும் இதுவரை என்னைக் கேட்டதில்லை. நான் வீட்டில் இருக்கிறேன், என் 'வீட்டுல' வெளியூரில் இருக்கிறாள் என்று கடைக்காரரிடம் விளக்க முடியுமா? சரி, கேட்டுட்டு வாரேன் என்று டம்ளரைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அவளுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பாள், எதுக்கு வீண் செலவு என்பாள். அதற்குப் பயந்தேன். கதவைத் திறந்து, சமையலறையில் மெஷின் வைக்கப்போகிற மேடைக்கு முன்னால் நின்றுகொண்டு, வாய்விட்டே கேட்டேன்: "ஏட்டி, வாங்கட்டா?" பக்கத்து வீட்டில் குக்கர் சத்தம் கேட்டது. அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். இதற்கெல்லாமா ஒரு மனுஷன் அழுவான் என்று தோன்றியது. அதற்காக நிறுத்த முடியவில்லை.

மறுநாள் கடைக்குப் போய், "வீட்டுல சரின்னுட்டாவ" என்று சொல்லி வாங்கிவந்தேன்.

மெஷின் இழுக்கிற கரண்டுக்குப் பெரிய பிளக் வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் வந்து போட்டுக்கொடுத்தார். ஏசியா சார் என்று கேட்டார். காபிக்கு என்றதும் சிரிக்காமல் இருந்தாரே, அதற்கே அவருக்கு முதல் காபி கொடுக்கலாம் என்று நினைத்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். எங்கள் பக்கம் காபிப்பொடி என்றால் சிக்கரி கலந்ததுதான். கலக்காத பொடி என்று ஒன்று உண்டு என்பதே நினைவில் இருக்காது. டப்பாவில் இருந்த பொடியைக் கிண்ணத்தில் நிரப்பி, அழுத்தி, மாட்டி, பொத்தானை அமுக்கினேன். மெஷின் முக்கியது. முனகியது. ஒரு சொட்டு விழுந்தது, நின்றது, தார் மாதிரி இன்னொரு சொட்டு. பிறகு கைப்பிடியின் ஓரமாகப் பீய்ச்சி எலக்ட்ரீஷியன் சட்டையில் அடித்தது. அவர் துடைத்துக்கொண்டு, டம்ளரில் விழுந்ததை மரியாதைக்கு ஒரு வாய் வைத்தார். "கசக்கு சார். சீனி கூட்டிப் போடுங்க" என்றார்.

சேவைக்கு அழைத்தேன். அதே பெண்ணா வேறு பெண்ணா தெரியவில்லை. "சிக்கரி போட்ட பொடியா சார்? அது ஊறிப்போய் அடைச்சிக்கும். தமிழ்நாட்டுல இருந்து வர்ற போன் கால்ல பாதி இதுதான்" என்றாள். ஊரிலேயே நான் ஒருவன்தான் முட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு அது ஒரு பெரிய ஆறுதல். நம் ஆட்கள் எத்தனையோ பேர் எங்கெங்கோ வீட்டில் நின்றுகொண்டு இதே அடைப்பைக் குத்தி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வேறு ஏதாவது உதவி என்றாள். ஒன்றும் இல்லம்மா என்று வைத்துவிட்டேன்.

அரவைக்கடைக்காரருக்குச் சிக்கரி இல்லாமல் அரைத்துக் கொடுப்பதில் மனவருத்தம். டிகாஷன் கெட்டியாவே வராது, அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது என்று பலமுறை சொல்லிவிட்டுத்தான் அரைத்தார். அதைக்கொண்டு பழகினேன். அதிகம் அழுத்தினால் சொட்டும், குறைய அழுத்தினால் ஒழுகும். பாலில் ஆவிக்குழாயை ஆழமாக விட்டால் சூடாகுமே தவிர நுரைக்காது, மேலாக விட்டால் சுவரெல்லாம் பால். பால்காரர் கொண்டுவருகிற பசும்பால், ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்தபிறகு நுரைத்தால் மெழுகுபோலப் பளபளக்கும் என்று மெல்ல மெல்லப் பிடிபட்டது. போட்டதையெல்லாம் நானே குடித்தேன். கொட்ட மனசு வராது, கொடுக்கவும் ஆள் இல்லை. நல்ல காபி வந்த நாட்களில்தான் கஷ்டம். நன்றாக இருக்கிறது என்று யாரிடம் சொல்வது? டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவேன்.

சாரலுக்கு அவள் வந்தாள். வெள்ளிக்கிழமை விடிய வந்து இறங்கினாள், தோளில் ஒரு பை மட்டும். முன்பெல்லாம் பெட்டி கொண்டுவருவாள் என்று எனக்குப் பட்டது. மழையில் நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே சமையலறைக்கு வந்தவள் மெஷினைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"என்னங்க இது?"

"உக்காரு. சொல்லுதேன்."

சொல்லவில்லை, செய்தேன். பொடியை நிரப்பி அழுத்தி மாட்டினேன். அன்றைக்குப் பார்த்து எல்லாம் கூடிவந்தது. காபி தேன்போலக் கெட்டியாக டம்ளரில் இறங்கியது, பால் பளபளத்தது. அவள் ஒரு வாய் குடித்தாள். தாடிக்காரர்கள்போலக் கண்ணை மூடவில்லை. என்னையே பார்த்தாள்.

"நல்லா இருக்குங்க. நெசமாவே நல்லா இருக்கு. எங்கன படிச்சிய இதை?"

அவ்வளவுதான், எனக்கு வாய் திறந்துகொண்டது. தாடிக்காரர்கள், டம்ளரை அளந்தது, சிக்கரி, எலக்ட்ரீஷியன் சட்டை எல்லாவற்றையும் சொன்னேன். 'வீட்டுல' கேட்டதை மட்டும் சொல்லவில்லை. அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாங்கள் அத்தனை நேரம் பேசி எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் பண்பொழி மலைக்கோயிலுக்குப் போனோம். படியில் ஏறும்போது காற்று ஆளைத் தள்ளியது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேலே நின்று பார்த்தால் கீழே வயலெல்லாம் பச்சை, மலைமேல் மேகம். அங்கேயே கேட்டிருக்கலாம். மாறுதலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாயா என்று ஒரு வார்த்தை. அவளாகச் சொல்லட்டும், கேட்டுக் கெடுக்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன். வேளை தவறாமல் காபி போட்டேன். ஒவ்வொரு தடவையும் நன்றாக இருக்கிறது என்றாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு நம்பிக்கை ஏறியது.

கிளம்புகிற அன்று பிற்பகல், காபி குடித்துவிட்டு அவள் போனை எடுத்து மெஷினைப் படம் பிடித்தாள். முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று.

"மகளுக்கு அனுப்பப் போறியா?" என்றேன்.

"இல்லங்க. அங்கன ஒண்ணு வாங்கிப் போடலாம்னு பாக்கேன். தெனமும் கடைக்கு எறங்கி ஏற முடியல. நீங்கதான் எல்லாம் பாத்து வச்சிருக்கியளே, இதே போதுமா, இல்ல வேற சொல்லுதியளா?"

அவள் குடித்து வைத்த டம்ளரை எடுத்துக் கழுவினேன். வெளியே தூறிக்கொண்டிருந்தது.

"மேடையில இடம் இருக்கா?" என்று கேட்டேன்.

"அடுப்புக்கும் பிரிட்ஜுக்கும் நடுவுல ஒரு எடம் இருக்கு. போன மாசமே அளந்து பாத்துட்டேன். பெரிய பிளக்கும் அங்கனயே இருக்கு. புதுசா ஒரு ஷெல்ஃப் அடிச்சிருக்கேன், பொடியெல்லாம் அதுல வச்சுக்கிடலாம்."

அந்தச் சமையலறையில் நான் இரண்டொரு முறை நின்றிருக்கிறேன். அவள் சொல்லச் சொல்ல எனக்குத் தெரியாத ஓர் இடமாக அது தெரிந்தது. ஏமாற்றிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மைதான். ஒற்றைத் தகட்டு மெஷின் ஒன்றைக் காட்டிவிட்டால் ஒழுகும், அலுத்துப்போகும், இங்கேதான் நல்ல காபி என்று இருக்கும். மனசு கேட்கவில்லை. அவள் அங்கே காலையில் தனியாக நின்று, சட்டமாக, நிம்மதியாக ஒரு காபி குடிக்க வேண்டாமா?

"இதே வாங்கு. இதைவிடச் சின்னது வேண்டாம், உன் டம்ளர் நுழையாது" என்றேன். சிக்கரி இல்லாமல் அரைக்கச் சொல்ல வேண்டும், பாலைக் குளிரவைக்க வேண்டும், குடித்தவுடன் ஆவிக்குழாயை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் பால் காய்ந்து பிடித்துக்கொள்ளும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பாடம் கேட்கிற பிள்ளைபோலத் தலையாட்டிக்கொண்டே போனில் அதே மெஷினைத் தேடி எடுத்தாள்.

"இங்க பாருங்க. கூடக் கொஞ்சம் கட்டுனா அஞ்சு வருஷத்துக்கு வாரண்டி தாரானாம். எடுக்கட்டா, வேண்டாமா?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கட்டைவிரல் திரைக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தது. மாறுதலைப் பற்றிக் கேட்க நினைத்த ஒரு வார்த்தையை நான் இன்னும் கேட்டிருக்கவில்லை.

"எடுத்துக்கோ" என்றேன். "அஞ்சு வருஷம் இருக்கும்னா எடுத்துக்கிடுறதுதான் நல்லது."

அவள் திரையைத் தொட்டாள். பிறகு போனை மேடையில் கவிழ்த்து வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரம் இருக்கு, இன்னொரு காபி போடுதியளா என்று கேட்டாள். போட்டுக்கொடுத்தேன்.